ஏழாம் நம்பர் மலையில் அவள் கண்டது

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேப்பிரிவில் என்னைப்போலச் சிரிக்க வைக்கிறவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் கெட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த தேயிலை ஸ்டோரில், கொழுந்தை நசுக்கும் ரோலர் மிசினுக்குப் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசி, பத்துப் பேரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்திருக்கிறேன். கங்காணி மாதிரி நடந்து காட்டுவேன். துரை மாதிரித் தமிழ் பேசுவேன். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் எடுபட்டது, என் பெண்சாதி சாமியைக் கண்ட கதைதான்.

அந்தக் கதையை முதலில் சிரிப்பில்லாமல் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிந்த அளவில்.

நாற்பத்து மூன்றாம் வருசம், ஆனி மாதம். எங்களுக்கு ஒரே பிள்ளை, பாக்கியம் என்று பெயர், ஒன்றரை வயது. வயிற்றோட்டம் கண்டது. டிஸ்பென்சரி மருந்துக்கு நிற்கவில்லை. நான் மாரியம்மன் கோயிலைச் சுற்றி மழைச் சேற்றில் உருண்டேன். மூன்று சுற்று. கற்கள் குத்தி முதுகெல்லாம் கீறல். நான் எழுந்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தபோது என் பெண்சாதி காளியாயி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நோய் கண்ட மூன்றாம் நாள் விடியற்காலை செத்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தேயிலைக்குள் புதைத்துவிட்டு வந்தேன். அன்றோடு சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முடிந்தது.

பிள்ளையைப் புதைத்த நாலாம் நாளே காளியாயி வேலைக்குப் போனாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் போய் நின்றால்தான் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடுவார்கள், பேர் போட்டால்தான் அரிசி. பதினோராம் நாள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து. முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி, கூடவே மழை. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு எல்லாப் பெண்களும் வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. கணக்கப்பிள்ளை தேடிக்கொண்டு போனார். மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தேயிலைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. அதன் அடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாளாம். அவர் பயந்துபோய் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்துக் காம்பராக்காரர்கள் நாலைந்து பேர் துக்கம் பகிர்ந்துகொள்ளும் சாக்கில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பதினோரு நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் இல்லை. வெகுதூரம் நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்த முகம். என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“என்னாங்க, ஏழாம் நம்பர்ல ஒருத்தவங்க வந்தாங்க” என்றாள். “கல்லுக்கிட்ட. கூடைய எறக்கி வையின்னாங்க.”

எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். “யாரு? எந்த லயம்?” என்று கேட்டேன். “பெரட்டுல அவங்களுக்குப் பேர் போட்டாங்களா?”

ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிள்ளை செத்த வீட்டில் பதினோரு நாள் கழித்துக் கேட்ட முதல் சிரிப்பு. அது எனக்கு வேண்டியிருந்தது. விடவில்லை நான். “கம்பளி போட்டுக்கிட்டு வந்தாங்களா, இல்ல நனைஞ்சுக்கிட்டே வந்தாங்களா? கணக்கப்பிள்ளை அவங்களுக்கு அரைப் பேர் போட்டாரா, முழுப் பேரா?” எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் சிரித்ததில் பீடி கீழே விழுந்துவிட்டது.

காளியாயி என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருசம் அவள் அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. அரிசி தீர்ந்துவிட்டது என்பாள். பீலியில் தண்ணீர் வரவில்லை என்பாள். எனக்குச் சுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. நான் ஸ்டோரில் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்து, அந்த அறையில் சொல்ல ஒன்றுமில்லாமல் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டு படுத்துக்கிடப்பேன்.

ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் புதிதாக வந்தது. ஏழாம் நம்பரில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது எல்லாப் பெண்களும் முதல் பிடிக் கொழுந்தை “பொலி, பொலி” என்று சொல்லிக் கூடைக்குள் போடுவார்கள். அது வழக்கம். இவள் அந்த முதல் பிடியைக் கொண்டுபோய்க் கல்லடியில் வைத்துவிட்டு வருவாள். சூடம் கிடையாது, குங்குமம் கிடையாது, விழுந்து கும்பிடுவதும் கிடையாது. லயத்தில் பாதிப் பேருக்கு என் கதையில் சிரிப்பு வந்தாலும், மீதிப் பேருக்கு ஆசையும் வந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசிச் சின்னதாகக் கோயில் கட்டலாம், காளியாயி குறி சொல்லட்டும் என்று கிளம்பினார்கள். வேலாயி என்று ஒருத்தி, மகளுக்குப் பிள்ளையில்லை என்று திருநீறு கேட்டு வாசலில் வந்து நின்றாள்.

“எங்கிட்ட ஒண்ணுமில்லக்கா” என்றாள் காளியாயி. “எனக்கு வந்தது எனக்குத்தான்.”

அதனால் அவர்களுக்கும் அவள்மேல் மனத்தாங்கல். கும்பிடுகிறவர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை, நான் சேர்த்துக்கொண்டதாகவும் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் தனியாகப் போவாள், தனியாக வருவாள்.

நான் அந்தக் காலத்தில் பெரிய பகுத்தறிவுக்காரன். அக்கரப்பத்தனைக் கடைவீதியில் மஃறூப் நானாவின் தையல் கடை இருந்தது. இந்தியாவிலிருந்து வரும் பத்திரிகைகள் அங்கே கிடைக்கும். எழுத்துக்கூட்டி வாசித்து, மனப்பாடம் பண்ணி, லயத்தில் வந்து முழங்குவேன். கண்ணால் கண்டாயா, ஆதாரம் என்ன, சாட்சி யார்? இந்த மூன்று கேள்வியையும் வைத்துக்கொண்டு எவனையும் வாயடைக்கச் செய்வேன். ஒருநாள் நானாவின் கடையிலேயே காளியாயி கதையை நடித்துக் காட்டினேன். இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானா மட்டும் மிசினிலிருந்து காலை எடுத்துவிட்டு, “வீரய்யா, அது உங்கட பொஞ்சாதிட விசயம், கடையில வேணாம்” என்றார். அவர் ஐந்து வேளை தொழுகிறவர், அப்படித்தான் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

ஐம்பத்தைந்தாம் வருசம் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கடிதம் வந்தது. நாங்கள் மனுப் போட்டு நாலு வருசம் ஆகியிருந்தது. நானாதான் வாசித்துச் சொன்னார். முப்பத்தொன்பதாம் வருசத்திலிருந்து நானும் பெண்சாதியும் இடைவிடாமல் இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறோம் என்று காட்ட வேண்டும். எனக்கு ஸ்டோரில் கொடுத்த சர்ட்டிபிகேட் இருந்தது. சிக்கல் காளியாயியில்தான். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாற்பத்திரண்டாம் வருசம் எங்கள் தோட்டத்துக் காளியாயி என்று ஒருத்தி கப்பலேறி இந்தியாவுக்குப் போய், நாற்பத்து நாலில் திரும்பி வந்ததாக அரசாங்கக் கந்தோரில் பதிவு இருக்கிறதாம். அது இவள்தானா என்று கேட்டிருந்தார்கள்.

இவள் இல்லை. அது மாயாண்டி பெண்சாதி காளியாயி, கீழ் லயத்துக்காரி. ஆனால் மாயாண்டி குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்ச் சேர்ந்து ஐந்து வருசம் ஆகிவிட்டது. எங்கள் தோட்டத்தின் பழைய பெரட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. நாற்பத்து மூன்றில் என் பெண்சாதி இந்த மலையில்தான் இருந்தாள் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. பிள்ளையைப் புதைத்த இடம் இருக்கிறது, அதற்குமேல் இப்போது தேயிலை. ஆதாரம் என்ன, சாட்சி யார்? என் கேள்வி என்னையே தேடி வந்துவிட்டது. பதில் இல்லையென்றால் இரண்டு பேருக்கும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். இன்றைக்கில்லாவிட்டாலும் என்றைக்காவது ஒருநாள் கப்பலேற்றிவிடுவார்கள். நான் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வேன். அவளுக்கு அந்தக் கல்லையும் பிள்ளையையும் விட்டால் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

நான் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காளியாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“டிஸ்பென்சரியில எழுதுனாங்களே.”

“என்னிக்கு?”

“அன்னிக்கு” என்றாள்.

பன்னிரண்டு வருசம் கழித்து அந்த நாளை அவள் வாயால் கேட்டேன். “என்ன எழுதுனாரு?” என்று கேட்டேன்.

“நான் சொன்னதையெல்லாம் எழுதுனாரு. பக்கந் திருப்பி எழுதுனாரு. இன்னும் சொல்லும்மா, இன்னும் சொல்லும்மான்னு கேட்டு எழுதுனாரு.”

அந்த டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்து மனிதர், ஓய்வு பெற்று ஊருக்குப் போய்ச் செத்தும் போய்விட்டார். இப்போது இருப்பவர் பழைய அலுமாரியைக் கிளறி நாற்பத்து மூன்றாம் வருசப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். தேதி இருக்கிறது, காளியாயி, மேப்பிரிவு என்று பேர் இருக்கிறது, அது போதும் என்று சொல்லி, அடையாளத்துக்கு ஒரு கடுதாசி வைத்துச் சுற்றித் தந்தார். எல்லாம் இங்கிலீசு. என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத கதையா? படித்த மனிதர், சாமி வந்தது என்றா எழுதியிருப்பார்? சளி, காய்ச்சல், பிதற்றல் என்று எழுதியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். “என்ன நோவுன்னு கேட்டா காய்ச்சல்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. சாமி கீமின்னு வாயெடுத்தியோ, பைத்தியம்னு எழுதி அனுப்பிருவான். வெளங்குதா?”

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குக் காய்ச்சல் இல்லீங்க அன்னிக்கு” என்றாள்.

“இருந்துச்சுன்னு சொல்லு.”

தலவாக்கலையில் இறங்கி வேறு பஸ் ஏறும்போது, என் பின்னால் வந்தாளே ஒழியப் பக்கத்தில் வரவில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் சிங்கள ஐயா ஒருவர், தலை நரைத்தவர், கண்ணாடியை அடிக்கடி கழற்றித் துடைத்தார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து இண்டர்பிரிட்டர். மூலையில் டைப் அடிக்கிற பெண். நாங்கள் பேசப்பேச டைப் மிசின் தட்டிக்கொண்டே இருந்தது. ஐயா புத்தகத்தை வாங்கி, கடுதாசி வைத்த பக்கத்தைப் பிரித்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். எனக்குப் பின்னால் நின்ற காளியாயியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இண்டர்பிரிட்டரிடம் என்னவோ சொன்னார்.

“இந்தத் தேதியிலை உம்மட மனுசிக்கு என்ன வருத்தம்?” என்று இண்டர்பிரிட்டர் என்னைக் கேட்டார்.

“காய்ச்சலுங்க” என்றேன். குரலில் தயக்கமே இல்லை. “கடுங் காய்ச்சல். நாந்தான் தூக்கிட்டுப் போனேன்.”

இண்டர்பிரிட்டர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காய்ச்சல் இல்லை எண்டு எழுதிக் கிடக்கு. சுரம் பாத்த அளவும் போட்டிருக்கு. கூட்டிக்கொண்டு வந்தது கணக்கப்பிள்ளை எண்டு கிடக்கு. நீர் என்ன கதைக்கிறீர்?”

எத்தனை பேரை நான் இப்படி மடக்கியிருக்கிறேன்! மடக்கப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டைப் மிசின் நான் சொன்ன பொய்யைத் தட்டி முடித்துவிட்டு நின்றது.

ஐயா கோபப்படவில்லை. அமைதியாக ஏதோ சொன்னார். இண்டர்பிரிட்டர் எனக்கு விளக்கினார். இந்தப் புத்தகத்தில் இருக்கிற காளியாயி இவள்தான் என்றால், அன்றைக்கு நடந்தது இவளுக்குத் தெரிந்திருக்கும். தனியாகக் கேட்போம். எழுதியிருப்பதும் இவள் சொல்வதும் ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம். இல்லையென்றால் இல்லை. “நீர் வெளியிலை இரும். நீர் இருந்தால் சொல்லிக் குடுப்பீர்.”

“ஐயா, அவ பேசமாட்டாங்க” என்றேன். “நாஞ் சொல்றேனுங்க, எனக்குத் தெரியுங்க...”

“உமக்கு என்ன தெரியும்?” என்றார் இண்டர்பிரிட்டர். மனதைப் புண்படுத்தக் கேட்கவில்லை, விசாரணைக் கேள்வியாகத்தான் கேட்டார்.

நான் காளியாயியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பியோன் என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான்.

வெளியே ஒரு நீள பெஞ்சு. என்னைப்போல ஏழெட்டுப் பேர் மஞ்சள் கடுதாசிகளையும் தகரப் பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். உள்ளே டைப் மிசின் தட்டுகிற சத்தம் கேட்டது. பேரும் ஊரும் கேட்டிருப்பார்கள். பிறகு காளியாயியின் குரல் கேட்டது. சொல் எதுவும் பிடிபடவில்லை, குரல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் டைப் மிசின் நின்றுவிட்டது.

மறுபடி அது தட்டவேயில்லை. அவள் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இடையில் இண்டர்பிரிட்டர் தணிந்த குரலில் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார், பிறகு மறுபடி அவள். என் வீட்டில் பன்னிரண்டு வருசமாக இவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. கதவில் காதை வைத்துக் கேட்கலாமா என்றுகூட எழுந்தேன். பியோன் முறைத்தான். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்று சொன்னேனே, அதை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருத்தவங்க வந்தாங்க. கூடைய எறக்கி வையின்னாங்க. அப்புறம்? அப்புறம் எந்த லயம், கம்பளி, அரைப் பேர், முழுப் பேர். எல்லாம் நான் சொன்னது. நூறு தடவை நடித்துக் காட்டிய கதையில் அவள் சொன்னது இரண்டே வரி. வந்தவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பிள்ளையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? தெரியாது. கூடையை இறக்கி வைத்த பிறகு என்ன நடந்தது? அவள் சொல்ல வாயெடுத்த இடத்தில்தான் நான் கேலியைத் தொடங்கினேன்.

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒன்றை ஒப்புக்கொண்டேன். நான் சிரித்தது பகுத்தறிவால் அல்ல. பகுத்தறிவு அப்புறம் வந்து சேர்ந்தது. அது பொறாமை. பிள்ளை எனக்கும்தான் செத்தது. நானும்தான் சேற்றில் உருண்டேன். எனக்கு யாரும் வரவில்லை. இறக்கி வை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் மட்டும் மலையிலிருந்து அப்படியொரு முகத்தோடு வந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கண்டது மெய்யா பொய்யா என்று நான் ஒரு நிமிசம்கூட யோசித்தவன் இல்லை. அந்த முகத்தை எப்படியாவது அழித்துவிட வேண்டும் என்றிருந்தது, அழித்துவிட்டேன். இன்றைக்கும் சாமி இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காளியாயி பொய் சொல்கிறவள் இல்லை. ஒரு காய்ச்சலைக்கூட இருந்தது என்று சொல்ல மறுத்தவள். இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

கதவு திறந்தது. நரைத்த தலை ஐயாவே எழுந்து வாசல்வரை வந்திருந்தார். காளியாயி கும்பிட்டாள். அவரும் கை கூப்பினார். கந்தோரில் எங்களைப்போன்ற ஆட்களுக்கு யாரும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டி வெளிவாசலில் போய் நின்றாள்.

இண்டர்பிரிட்டர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். “டிஸ்பென்சரியிலை திருப்பிக் குடும். பக்கத்தைப் பிரதி எடுத்தாச்சு. உம்மட மனுசி சொன்னதும் இதிலை இருக்கிறதும் ஒண்டுதான், ஒரு சொல்லுப் பிசகேல்லை. ஐயா ஏற்றுக்கொண்டிட்டார். கடிதம் வரும்.” அவருடைய குரல் காலையில் இருந்தது மாதிரி இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, “பன்னிரண்டு வருசம் எவ்வளவு கவனமாய் வச்சிருக்கிறா” என்றார். “உமக்கு எல்லாம் சொல்லியிருப்பாதானே?”

“சொல்லியிருக்காங்க” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

பஸ்ஸில் புத்தகம் என் மடியில் இருந்தது. பக்கத்தில் காளியாயி. நாட்டுரிமை கிடைத்தவனுக்குச் சந்தோசமாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. “உள்ள என்ன கேட்டாங்க?” என்றேன்.

“அன்னிக்கு நடந்தத.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“அவங்க கேட்டாங்க” என்றாள். அதற்குமேல் கேட்பது ஊரும் பேரும் தெரியாத ஆளிடம் பேசுவது போலத்தான் இருந்தது எனக்கு. நான் விட்டுவிட்டேன்.

அக்கரப்பத்தனையில் இறங்கியதும் அவள் அடுப்பு மூட்ட வேண்டும் என்று குறுக்குப் பாதையில் ஏறிவிட்டாள். நான் நானாவின் கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். அவர் இங்கிலீசு வாசிக்கக்கூடியவர். அதற்காகத்தான் போனேன், மறைப்பானேன்?

நானா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடுதாசி வைத்த இடத்தைப் பிரித்தார். நீல மையில் பொடி எழுத்து, முழுதாக ஒரு பக்கம், மறுபக்கத்திலும் பாதி. அவருடைய உதடு அசைந்தது. இரண்டு வரி போயிருக்கும். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாசிக்கவா, வீரய்யா?”

வாசி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். இந்தப் பக்கத்தை ஒரு டிஸ்பென்சர் எழுதினார், இன்னொரு டிஸ்பென்சர் வாசித்தார், விசாரணை ஐயா வாசித்தார், இண்டர்பிரிட்டர் கேட்டார், டைப் அடிக்கிற பெண்கூடக் கேட்டாள். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் அறிந்தார்கள். நான் மட்டும் அவளுக்குத் தெரியாமல், முதுகுக்குப் பின்னால் எடுத்துத் தின்பதா? “வேணாம் நானா” என்றேன். புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. போகும் வழியில் டிஸ்பென்சரியில் கொடுத்துவிட்டேன்.

மலை ஏறும்போது எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. வாசிக்காமல் வந்துவிட்டேன் என்று சொல்வேன். அவளுக்கு விளங்கும். இன்றைக்கு அவள் ஒரு தடவை திறந்த வாய், இன்னொரு தடவை எனக்காகத் திறக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன். விடிய விடியச் சொன்னாலும் கேட்பேன். ஏழாம் நம்பர் மலையைத் தாண்டித்தான் பாதை. கல்லடியில் அந்த வாரத்துக் கொழுந்து ஒரு பிடி கறுத்துக் காய்ந்து கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

காம்பராவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றேன்.

“பொஸ்தகத்தக் குடுத்திட்டீங்களா?” என்றாள்.

“குடுத்திட்டேன். நானா கடைக்குக் கொண்டுபோனேன் மொதல்ல.”

அவள் கை நின்றது. “வாசிச்சாரா?”

“வாசிக்க வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“ஒன் வாயால கேக்கணும்னு” என்றேன். “சொல்றியா காளியாயி?”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பன்னிரண்டு வருசத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் என்று கொஞ்சமாவது தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று யோசித்துப் பார்த்து, அது இல்லை என்று தெரிந்துகொண்டவள் மாதிரி இருந்தாள்.

“நாந்தான் சொன்னேனே” என்றாள். “அன்னிக்கே வந்து ஒங்ககிட்ட சொன்னேனே.”

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.